எல்லைப் பேச்சும் ஆவணப்படமும்: நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதியை முன்வைத்து

தனிமுயற்சியாக எடுக்கப்பெறும் ஆவணப்படங்களைப் பற்றித் தமிழில் வரும் திறனாய்வுகள் பெரும்பாலும் அப்படங்களின் பொருளையே நோக்குகின்றன. யாருடைய போராட்டம் படமாகிறது, படமெடுத்தவர் எப்பக்கம் நிற்கிறார், அரசு அதனை எவ்வாறு எதிர்கொண்டது என்பன விரிவாகப் பேசப்படுகின்றன. படத்தில் வருவோர் எம்மொழியில் பேசுகின்றனர், அப்பேச்சு எவ்வாறு வெட்டப்பட்டும் பெயர்க்கப்பட்டும் பார்ப்போரை அடைகிறது என்னும் வினா அரிதாகவே எழுகிறது. மதுரையிலோ சென்னையிலோ எடுக்கப்படும் படத்திற்கு இவ்வினா இரண்டாம் நிலையினதாக இருக்கலாம். இருமொழி வழங்கும் எல்லைப் பகுதியில் தம் குடும்ப வேரைத் தேடுவோரைப் படமாக்கும்போது இதுவே முதல் வினாவாகிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதி இதற்குத் தக்க சான்றாகும். மலையாளத் திரைப்படத்தின் தொடக்க வரலாறே இப்பகுதி வழியாகச் செல்லும் சாலையோடு பிணைந்திருப்பதும் இங்குக் கருதத்தக்கது.

அச்சாலை திருவனந்தபுரத்திலிருந்து பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை, களியக்காவிளை, குழித்துறை, தக்கலை வழியாக நாகர்கோவிலை அடைகிறது. இன்று பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே மாநில எல்லை உள்ளது. பெயர்ப்பலகையின் எழுத்தும் பேருந்தின் நிறமும் அங்கே மாறுகின்றன. பேச்சு அவ்வாறு மாறுவதில்லை. 1956 நவம்பர் 1க்கு முன் இச்சாலை முழுவதும் ஒரே ஆட்சிப் பரப்பிற்குள் இருந்தது. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு தமிழகத்தோடு இணைக்குமாறு கோரிய பகுதிகளுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. அவ்வியக்கத்தின்போது 1954 ஆகஸ்டு 11 அன்று புதுக்கடையிலும் மார்த்தாண்டத்தை அடுத்த தொடுவெட்டியிலும் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. மாநிலச் சீரமைப்புக் குழுவின் பரிந்துரைப்படி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. மணவுறவும் திருச்சபையுறவும் சந்தையுறவும் கொண்டிருந்த ஊர்கள் இரு மாநிலத்தவையாயின. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒருவருக்குத் தாய்மொழி ஒன்று. அறிந்த பிறமொழிகள் இரண்டு. இரண்டும் ஒரே வாக்கியத்துள் கலந்து வழங்கும் வீட்டின் பேச்சுக்கு அப்படிவத்தில் கட்டமில்லை.

விகதகுமாரனும் இரு வாழ்க்கைகளும்

மலையாளத்தின் முதல் திரைப்படமாகக் கருதப்படும் ‘விகதகுமாரன்’ என்னும் ஊமைப்படத்தை எடுத்தவர் ஜே.சி. டேனியல். திருவனந்தபுரம் கேப்பிட்டல் அரங்கில் அது திரையிடப்பெற்ற நாள் 1928 நவம்பர் 7 என்று நெடுங்காலம் கூறப்பட்டது. 1930 அக்டோபர் 23 என்பதே பின்னர் வலுப்பெற்றுள்ளது. டேனியல் தமிழ் பேசும் கிறித்தவ நாடார் குடும்பத்தவர். அவர் பிறந்த ஊர் நெய்யாற்றின்கரை என்று சில நூல்களும், அகஸ்தீஸ்வரம் என்று வேறு சிலவும் கூறும். பிறந்த ஆண்டும் 1893 என்றும் 1900 என்றும் இருவகையாகக் காணப்படுகிறது. அவர் பிறந்த காலத்தில் இவ்வூர்கள் இரண்டும் திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. எதில் பிறந்தார் என்பதால் அன்று எதுவும் மாறியிராது. 1956க்குப் பின் அது மாறிற்று. படத்தால் சொத்திழந்து, பல் மருத்துவராகத் தமிழக ஊர்களில் தொழில் செய்து, அகஸ்தீஸ்வரத்தில் வறுமையில் வாழ்ந்த அவருக்குக் கேரள அரசின் நலிந்த கலைஞர் உதவி மறுக்கப்பட்டது. அவர் தமிழ்நாட்டில் இருப்பவர், அவ்வரசிடமே கேட்க வேண்டும் என்பது காரணம். அவரை நேரில் கண்டு தொடர்ந்து எழுதிய இதழாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் வழியாகவே இச்செய்தி பரவலாக அறியப்பட்டது. டேனியல் 1975இல் மறைந்தார். 1992 முதல் கேரள அரசின் உயரிய திரைப்பட விருது அவர் பெயரால் வழங்கப்பெறுகிறது.

அப்படத்தின் கதைத்தலைவியாக நடித்தவர் பி.கே. ரோசி. புலையர் சமூகத்தைச் சேர்ந்த அவர் சரோஜினி என்னும் நாயர் பெண்ணாகத் திரையில் தோன்றினார். அதனைப் பொறாத சாதியினர் திரையரங்கில் கலகம் செய்தனர். அவர் வீடு தீக்கிரையாக்கப்பட்டது. வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி 1893இல் வில்லுவண்டியேறிப் பொதுச்சாலையில் சென்றும், 1907இல் சாதுஜன பரிபாலன சங்கத்தை நிறுவியும் நடத்திய போராட்டங்களுக்குப் பிந்தைய காலம் அது. சாலையில் நடக்கும் உரிமை ஓரளவு கிட்டியிருந்தது. திரையில் நாயர்ப் பெண்ணாக நடக்கும் உரிமை கிட்டவில்லை. ரோசி நாகர்கோவிலை நோக்கிச் சென்ற சரக்குந்து ஒன்றில் ஏறித் தப்பினார் என்றும், அதனை ஓட்டிய நாயர் இளைஞரையே மணந்து இராசம்மாள் என்னும் பெயரில் தமிழ்ப்பெண்ணாக வாழ்ந்தார் என்றும், அவர் மக்கள் தந்தையின் சாதியினராகவே வளர்ந்தனர் என்றும் எழுதப்பட்டுள்ளது. குன்னுகுழி எஸ். மணி 1970களின் தொடக்கத்திலிருந்து எழுதியவை இவ்வரலாற்றை மீட்டவற்றுள் முதன்மையானவை.

இங்கு ஒன்று கவனிக்கப்படுவதில்லை. ரோசி தப்பிய இரவில் களியக்காவிளையில் எல்லை இல்லை. அவர் நாடு விட்டு நாடு செல்லவில்லை; ஒரே சமஸ்தானத்தின் ஒரு மொழிவழக்கிலிருந்து மற்றொன்றுக்குச் சென்றார். அவர் கடந்தது சாதியின் எல்லையை. அதனைக் கடக்க அவருக்கு உதவியது அப்பகுதியின் கலப்புப் பேச்சு. திருவனந்தபுரத்தின் தெற்கே வழங்கும் மொழியை அறிந்த ஒருவர் நாகர்கோவிலில் தமிழராக வாழ்வது அரிதன்று. கொச்சியிலோ கோழிக்கோட்டிலோ பிறந்த பெண்ணுக்கு அவ்வழி திறந்திருக்காது. அவர் வரலாற்றை எழுதியோரும் படமாக்கியோரும் இதனைச் சாதிக்கொடுமையின் வரலாறாகக் கண்டனர், அது சரியே. மொழிவரலாறாகவும் அது காணப்பட வேண்டியது.

அவர் கலைவாழ்க்கையே இதற்குச் சான்று. அவர் திரைக்கு வந்தது காக்காரிசி நாடகத்திலிருந்து. சிவனும் பார்வதியும் குறி சொல்லித் திரியும் காக்காலக் குறவராக வந்து தம்புரானோடு சொல்லாடும் அந்நாடகம் தென்திருவிதாங்கூரின் நாட்டார் கலை. தமிழும் மலையாளமும் விரவிய மொழியே அதன் மொழி. தம்புரான் கேட்பதும் காக்காலன் விடுப்பதும் இருவேறு நடையில் அமைய, நகைச்சுவை அவ்வேறுபாட்டிலிருந்தே பிறக்கும். கலப்புமொழி மேடையிலிருந்து பேச்சற்ற திரைக்கு வந்து, பின்னர்ப் பேச்சையே மாற்றிக்கொண்டு மறைந்தவர் ரோசி. பெயரும் அவ்வாறே. இராசம்மா, ரோசம்மா, ரோசி, இராசம்மாள் என்னும் வடிவங்கள் எழுத்தில் காணப்படுகின்றன. எது முதற்பெயர் என்பதில் எழுதியோர் ஒத்துப்போகவில்லை.

‘விகதகுமாரன்’ படத்தின் பிரதி எதுவும் எஞ்சவில்லை. கதை மட்டும் தெரியும். திருவிதாங்கூர்ச் செல்வர் ஒருவரின் மகன் சிறு வயதில் இலங்கைக்குக் கடத்தப்பட்டுத் தேயிலைத் தோட்டத்தில் வளர்கிறான். பின்னர்த் தாயகம் திரும்பி, உடலிலுள்ள தழும்பால் இன்னார் மகன் என அறியப்படுகிறான். குடும்ப வேர் தேடும் கதையே இது. இலங்கைத் தோட்டத்தில் வளர்ந்தவன் அங்குள்ள தொழிலாளரின் தமிழையே பேசியிருப்பான். ஊமைப்படமாதலின் அவன் எம்மொழி பேசினான் என்று காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை, தழும்பு போதும். வேரைத் தேடும் ஆவணப்படத்திற்கு இவ்வசதி கிடையாது. அங்குத் தழும்பின் இடத்தில் நிற்பது பேச்சு.

டேனியல், ரோசி இருவரைப் பற்றியும் ‘தி லாஸ்ட் சைல்டு’, ‘இது ரோசியுடெ கத’ என்னும் படங்கள் எடுக்கப்பட்டன. 2013இல் கமல் இயக்கிய ‘செல்லுலாய்டு’ கதைப்படமாக வந்து பரவலான கவனத்தைப் பெற்றது. சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் எழுதிய டேனியல் வாழ்க்கை வரலாறும், வினு ஆபிரகாமின் ‘நஷ்டநாயிகா’ நாவலும் அதற்கு அடிப்படை. தலைப்புகளை மட்டும் நோக்கினாலே ஒரு போக்குப் புலனாகும். இரண்டு ஆங்கிலம், ஒன்று மலையாளம். டேனியலின் பிற்காலமும் ரோசியின் வாழ்நாளில் பெரும்பகுதியும் தமிழில் கழிந்தன. எனினும் அவ்வாழ்க்கையைக் கூறும் எப்படத்தின் பெயரும் தமிழில் அமையவில்லை. மலையாளத் திரைப்படத்தின் தந்தையாகவும் முதல் நடிகையாகவும் அவர்களை மீட்டெடுக்கும் முயற்சி, அவர்களை மலையாளத்திற்குள் மட்டுமே மீட்டெடுக்கிறது. முன்னர்த் தமிழர் என்று கூறி உதவி மறுக்கப்பட்டவரை இன்று மலையாளி என்று கூறிச் சிறப்பிப்பது, அதே கோட்டின் மறுபுறத்திலிருந்து செய்யப்படுவதே. தமிழ்ப்புலத்தாரும் இதில் குறைவற்றவர் அல்லர். டேனியலைத் தமிழர் என உரிமை கொண்டாடும் எழுத்துகள், அவர் தேர்ந்தெடுத்த தொழில் மலையாளச் சூழலில் அமைந்தது ஏன் என்று கேட்பதில்லை.

ஓர் உருபும் ஒரு சொல்லும்

கருத்தளவில் நில்லாமல் மொழியளவில் நோக்குவதற்கு ஓர் உருபை எடுத்துக்கொள்ளலாம். விளவங்கோட்டுத் தமிழிலும், எல்லைக்கு அப்பாலுள்ள தென்கோடி மலையாள வழக்கிலும் உடைமைப் பொருளில் ‘க்க’ என்னும் ஈறு வழங்குகிறது. எனக்க, ஒனக்க, அவனுக்க, அம்மைக்க என வரும். ‘எனக்க வீடு’ என்றால் என்னுடைய வீடு. தரத்தமிழின் ‘என்’, ‘என்னுடைய’ என்பனவும் தரமலையாளத்தின் ‘என்றெ’ என்பதும் இங்கு இல்லை. நான்காம் வேற்றுமை உருபு ஆறாம் வேற்றுமைப் பொருளை ஏற்றது போல் இது தோன்றும். இது விந்தையன்று. நான்காவதன் பொருள்களுள் முறையையும் நன்னூல் சேர்க்கிறது. ‘சாத்தனுக்கு மகன்’ என்னும்போது உடைமைப்பொருள் அருகே நிற்கிறது. எனவே இவ்வழக்கைத் தமிழின் சிதைவு என்றோ மலையாளத்தின் கலப்பு என்றோ ஒதுக்குவதற்கு இலக்கண அடிப்படை இல்லை.

இனி, துணைத்தலைப்பு எழுதுவோரின் மேசைக்கு இது வருவதாகக் கொள்க. புறம்போக்கில் குடியிருக்கும் ஒரு முதியவள் படக்கருவியின்முன் ‘இது எனக்க மண்ணு’ என்கிறாள். வட தமிழகத்தில் வளர்ந்த மொழிபெயர்ப்பாளரின் காதில் அது ‘எனக்கு மண்’ என விழும். ‘இந்த நிலம் எனக்கு வேண்டும்’ எனத் துணைத்தலைப்பு அமையும். ஆங்கிலத்திலும் அவ்வாறே செல்லும். உரிமை கூறியவள் உதவி கேட்டவளாகிறாள். ஓர் உயிரெழுத்தின் வேறுபாட்டில் உடைமைக்கூற்று வேண்டுகோளாக மாறுகிறது. நிலப்போராட்டத்தைக் கூறும் படத்தில் இதைவிடப் பெரிய பிழை இருக்க முடியாது. இதனை எவரும் பிழை என்று கண்டுபிடிக்கப் போவதும் இல்லை. ஏனெனில் ஏழை முதியவள் ஒருத்தி எதையேனும் வேண்டுவாள் என்பதே பார்ப்போரின் எதிர்பார்ப்பு. மொழிபெயர்ப்புப் பிழைகளுள் எதிர்பார்ப்போடு ஒத்துப்போகும் பிழையே நெடுநாள் வாழும்.

‘வெள்ளம்’ பலரும் அறிந்த எடுத்துக்காட்டு. குடிநீருக்கும் பெருக்குக்கும் இடைப்பட்ட இச்சொல்லைச் சூழல் காப்பாற்றிவிடும். ‘சம்சாரம்’, ‘பட்டி’ போன்றனவும் அத்தகையன. ‘பறைதல்’ சற்று வேறானது. பழந்தமிழில் சொல்லுதல் என்னும் பொருளில் வழங்கிய இவ்வினை எல்லைப் பகுதியின் தமிழ்ப் பேச்சில் இன்றும் உண்டு. ‘அம்மை பறஞ்சது’ என்று ஒருவர் கூறியவுடன் அவர் மலையாளம் பேசுகிறார் எனத் தீர்மானித்து, அதற்கேற்பத் துணைத்தலைப்பின் தொடக்கத்தில் மொழிக்குறிப்பு இடுவோர் உண்டு. ஒரே மூச்சில் பேசப்பட்ட மூன்று வாக்கியங்கள் மலையாளம், தமிழ், மலையாளம் எனப் பிரிக்கப்படுகின்றன. பேசியவருக்கு அவை மூன்றும் வீட்டுப்பேச்சு, அவ்வளவே.

தென்திருவிதாங்கூர் வழக்குகள் ஆய்வுலகிற்குப் புதியன அல்ல. நாகர்கோவிலை அடுத்த வடசேரியில் பிறந்த வ.அய். சுப்பிரமணியம் கேரளப் பல்கலைக்கழக மொழியியல் துறையில் இருந்தபோது, ஈழவர், தீயர் வழக்கை அடிப்படையாகக் கொண்ட மலையாளக் கிளைமொழி அளவாய்வு 1974இல் நூலாக வெளிவந்தது. இவ்வகை ஆய்வுகள் படமெடுப்போர் கைக்கு எட்டவில்லை. மொழியியலார் ஒலிநாடாவில் பதிந்தனர், படமெடுப்போர் படச்சுருளில் பதிந்தனர். இரு பதிவுகளும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

வெட்டப்படும் வினா

நேர்காணலைத் தொகுக்கும்போது கேட்பவரின் வினாவை வெட்டிவிட்டு விடையை மட்டும் வைப்பது ஆவணப்பட வழக்கம். பேசுபவர் தாமாகவே பேசுவது போன்ற தோற்றம் இதனால் கிட்டும். இருமொழிப் பகுதியில் இவ்வெட்டு ஒரு சான்றையே அழிக்கிறது. திருவனந்தபுரத்திலிருந்து வந்தவர் ஊடக மலையாளத்தில் கேட்டால், பாறசாலைக்காரர் தம் பேச்சை அதனை நோக்கி நகர்த்துவார். நாகர்கோவிலிலிருந்து வந்தவர் தமிழில் கேட்டால் விடையும் அப்பக்கம் சாயும். கேட்பவருக்கேற்பப் பேச்சை அமைத்துக்கொள்வது எல்லைவாழ் மக்களின் அன்றாடத் திறன். வினா நீக்கப்பட்டபின் எஞ்சும் விடையைக் கொண்டு ‘இவர் மலையாளி’ என்றோ ‘இவர் தமிழர்’ என்றோ பார்ப்போர் முடிவு செய்கின்றனர். அவர்கள் உண்மையில் காண்பது கேட்டவரின் மொழியை.

பின்னணி உரையைத் தவிர்க்கும் படங்கள் இச்சிக்கலை ஓரளவு எளிதாக்குகின்றன. அமுதன் ஆர்.பி. 2003இல் எடுத்த ‘பீ’ இதற்கு எடுத்துக்காட்டு. மதுரைத் தெருவொன்றில் மலம் அள்ளும் மாநகராட்சித் துப்புரவுப் பெண் தொழிலாளியைப் படக்கருவி பின்தொடர்கிறது. அவர் வேலை செய்துகொண்டே பேசுகிறார், ஏசுகிறார், விளக்குகிறார். அவர் பேச்சுக்குமேல் கற்றறிந்த குரல் ஒன்று ஏறி அமர்வதில்லை. தலைப்பே நாகரிக மொழிபெயர்ப்பை மறுக்கிறது. ஆயினும் அது ஒருமொழிச் சூழல். தமிழ் பார்வையாளருக்குத் துணைத்தலைப்புத் தேவையில்லை. எல்லைப் பகுதிப் படத்திற்கோ, சொந்த மாநிலத்திலேயே துணைத்தலைப்புத் தேவைப்படலாம்.

பாலக்காட்டு எல்லையில் நிகழ்ந்தது இதனினும் தெளிவானது. சித்தூர் வட்டத்துப் பிளாச்சிமடையில் 2000இல் தொடங்கிய கொக்கோ கோலா ஆலைக்கு எதிராக 2002 ஏப்ரல் 22 அன்று போராட்டம் தொடங்கியது. 2004 மார்ச்சில் ஆலை மூடப்பட்டது. பி. பாபுராஜும் சி. சரத்சந்திரனும் எடுத்த ‘கைப்புநீர்’ 2003இல் வந்தது. சித்தூரும் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசின் பட்டியலில் இருந்த வட்டமே. போராட்டத்தின் முன்னணியில் நின்ற மயிலம்மா எரவாளர் பழங்குடியைச் சேர்ந்தவர். அவர் பேச்சு தமிழ்ச் சார்புடையது. அவர் கூறிய வாழ்க்கையை ஜோதிபாய் பரியாடத்து மலையாளத்தில் நூலாக்கினார். அதனைச் சுகுமாரன் தமிழில் பெயர்த்தார். தமிழ் சார்ந்த பேச்சொன்று மலையாள எழுத்தின் வழியாகத் தமிழ் எழுத்தை அடைந்தது. சுகுமாரனின் பெயர்ப்புத் திறன் ஐயத்திற்கு இடமற்றது. ஆனால் அவர்முன் இருந்தது மலையாள நூல். மயிலம்மாவின் வாய்ச்சொல்லில் எது முதலிலேயே தமிழாக இருந்தது, எது பெயர்ப்பால் தமிழாயிற்று எனத் தமிழ் நூலை மட்டும் படிப்பவர் பிரித்தறிய வழியில்லை. எழுத்து மட்டும் எஞ்சியிருந்தால் இவ்வினாவே எழாது. படம் இருப்பதால் எழுகிறது. போராட்டக் களத்தின் குரல்கள் ‘கைப்புநீர்’ போன்ற படங்களின் ஒலித்தடத்தில் உள்ளன. மொழிபெயர்ப்புக்கு எதிர்ச்சான்றாகப் பயன்படும் மூலம் ஆவணப்படத்தில் எப்போதும் உடனிருக்கிறது என்பதே அதன் தனிச்சிறப்பு. துணைத்தலைப்புப் பொய் கூறினால் ஒலி அதனைக் காட்டிக் கொடுக்கும், கேட்கத் தெரிந்தவர் இருந்தால்.

பிற நாட்டுப் பட்டறிவும் இதனை உறுதி செய்கிறது. உகாண்டாவின் ஜியே மக்களைப் பற்றி டேவிட் மக்டூகல் எடுத்து 1972இல் வந்த ‘டு லிவ் வித் ஹெர்ட்ஸ்’, மக்களின் சொந்தப் பேச்சைத் துணைத்தலைப்போடு கேட்கச் செய்த மானிடவியல் படங்களுள் முன்னோடியானது. அதுவரை அத்தகைய மக்கள் திரையில் அசைந்தனர். வேறு எவரோ அவர்களைப் பற்றிப் பேசினர். துணைத்தலைப்பு அவர்களுக்குச் சொல்லை அளித்தது. ட்ரின் டி. மின்-ஹா 1989இல் எடுத்த ‘சர்நேம் வியட் கிவன் நேம் நாம்’ அடுத்த வினாவை எழுப்பியது. வியட்நாம்ப் பெண்களின் நேர்காணல்கள் பிரெஞ்சு நூலொன்றில் வந்து, ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு, அமெரிக்காவில் வாழும் வியட்நாம்ப் பெண்களால் அப்படத்தில் நடித்துக் காட்டப்பட்டன. திரையில் தோன்றும் எழுத்தும் காதில் விழும் பேச்சும் சில இடங்களில் ஒத்துப்போவதில்லை. அதனைப் பார்ப்பவர், தாம் இதுவரை துணைத்தலைப்பை எவ்வளவு எளிதாக நம்பிவந்தோம் என்பதை உணர்வார். அப்படத்தின் உத்தியை அப்படியே பின்பற்றுவது வீண். அதன் வினா எல்லைப் பகுதிக்குப் பொருந்தும்.

நகைப்புக்குள்ளான வழக்கு

வட்டார வழக்கைத் துணைத்தலைப்பில் காட்டுவது பேசுவோரை நகைப்புக்குள்ளாக்கும், எனவே தரவழக்கே மரியாதை என்பது மொழிபெயர்ப்பாளர் சிலரின் கருத்து. இதனை எளிதில் தள்ளிவிட இயலாது. தென்திருவனந்தபுரப் பேச்சைக் கேரளம் பெரிதும் அறிந்தது நகைச்சுவைக் காட்சிகளின் வாயிலாகவே. 2005இல் வந்த ‘ராஜமாணிக்யம்’ படத்தில் மம்மூட்டி அவ்வழக்கைப் பேசி நடித்தார்; படம் பெருவெற்றி பெற்றது; அவ்வழக்கு மாநிலமெங்கும் சிரிப்பாயிற்று. ‘தள்ளே’ என்னும் விளி அச்சிரிப்பின் அடையாளமாயிற்று. தாய் என்னும் பொருளுடைய ‘தள்ளை’ இலக்கண உரையாசிரியர்கள் திசைச்சொல்லுக்குக் காட்டும் பழைய எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. உரைகளில் மதிப்புடன் இடம்பெற்ற சொல் திரையில் கேலிக்குரியதானது, அதனைப் பேசும் மக்கள் இரு மாநிலங்களின் விளிம்பிலும் நிற்பதன் விளைவு எனலாம். கதாநாயகன் ஒருவன் அவ்வழக்கைப் பேசியது அதற்குப் பெருமை தந்தது என வாதிடுவோரும் உளர். பெருமை நடிகருக்கு உரியது. வழக்கு அங்கே வேடம்.

எனினும் தரவழக்கால் மூடுவது இதற்கு மருந்தாகாது. கேலிக்கு அஞ்சி மறைக்கப்படும் பேச்சு மேலும் கேலிக்குரியதாகிறது. நடுநிலையான வழி ஒன்று உண்டு. துணைத்தலைப்புக்கு இரண்டு வரியே இடம். வரிக்கு ஏறக்குறைய 35 முதல் 40 எழுத்து. அது திரையில் நிற்பது சில நொடி. அச்சிற்றிடத்தில் ஒலிப்பு வேறுபாடு அனைத்தையும் எழுத்தில் காட்ட முயல்வது படிப்போரை இடறச் செய்யும். ஒலிப்பை விடுத்து, உறவும் உரிமையும் உணர்த்தும் உருபுகளையும் சொற்களையும் மட்டும் காத்துக்கொள்ளலாம். ‘எனக்க மண்ணு’ அவ்வாறே தமிழெழுத்தில் வரலாம். இரண்டாம் முறை வரும்போது எவருக்கும் விளக்கம் தேவைப்படாது. அம்மை, அப்பன், தள்ளை ஆகிய முறைப்பெயர்களைத் தாய், தந்தை என மாற்ற வேண்டுவதில்லை. குடும்ப வேரைக் கூறும் படத்தில் முறைப்பெயரை மாற்றுவது வேரையே மாற்றுவதாகும். ஆங்கிலத் துணைத்தலைப்பிலிருந்து தமிழ்த் துணைத்தலைப்பைப் பெயர்க்கும் வழக்கமும் கைவிடத்தக்கது. விழாக்களுக்காக ஆங்கிலம் முதலில் எழுதப்படுவதால் இவ்வழக்கம் வேரூன்றியுள்ளது. 2008 முதல் திருவனந்தபுரத்தில் கேரள மாநிலச் சலச்சித்திர அகாதெமி நடத்தும் ஆவணப்பட, குறும்பட விழாவிற்குப் படம் அனுப்ப விரும்பும் எவரும் ஆங்கிலத்தைத் தவிர்க்க முடியாது. ஆயினும் தமிழ் வடிவம் ஒலித்தடத்திலிருந்தே எழுதப்பட வேண்டும்.

எல்லைக்கு வடபுறத்தில் படமாக வேண்டிய பொருள்கள் மிகப்பல. பாலராமபுரத்துச் சாலியர் தெருக்கள் அவற்றுள் ஒன்று. பாலராமவர்மா காலத்தில், உம்மிணித்தம்பி திவானாக இருந்தபோது, தமிழ்ப்பகுதியிலிருந்து அழைத்துவரப்பட்டுக் குடியமர்த்தப்பட்ட நெசவாளர் வழியினர் அங்கு இருநூறாண்டுகளுக்கு மேலாக வாழ்கின்றனர். அவர்கள் நெய்யும் துணிக்கு 2009இல் புவிசார் குறியீடு கிடைத்தது. துணிக்குக் கிடைத்த ஊர்ச்சான்று நெய்பவரின் பேச்சுக்குக் கிடைக்கவில்லை. கைத்தறிச் செய்திப்படங்களில் குழித்தறியின் ஒலி நன்றாகக் கேட்கும். அதன்மேல் வர்ணனை ஓடும். நெய்பவர் பேசும் இடம் மிகச் சில நொடியே.

ரோசியின் குரல் எங்கும் பதிவாகவில்லை. படம் ஊமைப்படம், அதுவும் அழிந்தது. நாகர்கோவிலில் வாழ்ந்த காலத்தில் அவரை ஒலிநாடாவில் பதிந்தவர் எவரும் இலர். அவர் நிழற்படமாக வழங்குவதும் உறுதியானதன்று. சென்னையில் ஒரு திரைப்பட விழாவும், கேரளத்தில் திரைத்துறைப் பெண்கள் கூட்டமைப்பின் திரைப்படக் கழகமும் இன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளன. அவரைப் பற்றி இனி எடுக்கப்படும் எந்த ஆவணப்படத்திலும் அவருக்கு ஒரு குரலை எவரேனும் கொடுக்கத்தான் போகின்றனர். அக்குரல் திருவனந்தபுரத்து ஏட்டு மலையாளத்தில் அமையுமா, நாகர்கோவில் தமிழில் அமையுமா, காக்காரிசி மேடையில் அவர் பேசிய மொழியில் அமையுமா என்பதை முடிவு செய்வோர் இயக்குநர் மட்டும் அல்லர். உரையாடலை எழுதுபவரும், அதனைப் பெயர்ப்பவரும், எந்த உருபை விட்டுவிடலாம் என எண்ணுபவரும் ஆவர்.